உதிரியில் பிறந்த கிட்டார்கள்



2004 ஜூன் 24ஆம் தேதி நியூயார்க்கில் கிறிஸ்டீஸ் நிறுவனம் ஓர் ஏலம் நடத்தியது. போதைப் பழக்கத்திலிருந்து மீள விரும்புவோருக்காக கிட்டார் கலைஞர் எரிக் கிளாப்டன் ஆன்டிகுவா தீவில் ஒரு மையம் தொடங்கியிருந்தார். அதற்குப் பணம் சேர்க்கத் தம்மிடமிருந்த கிட்டார்களை அந்த ஏலத்துக்கு அனுப்பினார். அவற்றில் ஒன்று ‘பிளாக்கி’ என்ற, ஃபெண்டர் நிறுவனத்து ஸ்ட்ராட்டோகாஸ்டர் ரகக் கறுப்புக் கிட்டார். அது 9,59,500 டாலருக்குப் போனது. அதுவரை ஏலத்தில் எந்தக் கிட்டாரும் அந்த விலையைத் தொட்டதில்லை.

விலை கிடக்கட்டும். அந்தக் கிட்டார் எந்த ஆண்டு செய்தது என்று கேட்டால் ஒற்றை விடை கிடையாது. 1970இல் நாஷ்வில் நகரத்து ஷோ-பட் கடைக்குப் போன கிளாப்டன், அங்கே கிடந்த பழைய ஸ்ட்ராட்டோகாஸ்டர்களில் ஆறு வாங்கினார். அன்று அவற்றைச் சீந்துவார் இல்லை. சில நூறு டாலருக்கே கிடைத்தன. ஜார்ஜ் ஹாரிசனுக்கு ஒன்று, பீட் டவுன்ஷெண்டுக்கு ஒன்று, ஸ்டீவ் வின்வுட்டுக்கு ஒன்று என்று மூன்றைச் சக இசைக்கலைஞர்களுக்குக் கொடுத்துவிட்டார். மிச்சமிருந்த மூன்றையும் பிரித்து, எதில் உடல் நன்று, எதில் கழுத்து நன்று, எதில் பிக்கப் நன்று என்று பொறுக்கி, ஒன்றாகச் சேர்த்ததுதான் பிளாக்கி. 1956ஆம் ஆண்டுப் பாகமும் 1957ஆம் ஆண்டுப் பாகமும் அதில் கலந்திருந்தன. 1973 ஜனவரியில் லண்டன் ரெயின்போ அரங்கில் மேடையேறி, 1985 வரை அவர் கையைவிட்டு இறங்கவில்லை.

கதை அங்கே முடிந்திருந்தால் நான் இன்று பேச வந்திருக்க மாட்டேன். 2006இல் ஃபெண்டர் நிறுவனம் பிளாக்கியை அச்சு மாறாமல் நகலெடுத்தது. மொத்தம் 275 கிட்டார்கள், ஒவ்வொன்றும் 24,000 டாலர். பெருக்கிப் பாருங்கள், 66 லட்சம் டாலர். கிளாப்டன் வாசிக்கும்போது சிகரெட்டைத் தந்தியின் முனையில் செருகி வைப்பார். அதனால் தலைப்பகுதியில் கருகிய வடு இருந்தது. நகலிலும் அந்த வடுவைச் சுட்டுக் கொடுத்தார்கள். கைபட்டுச் சாயம் தேய்ந்த இடங்களைத் தேய்த்தே கொடுத்தார்கள். வாங்க ஆள் இல்லாமலும் போகவில்லை.

சில நூறு டாலர் உதிரிகளைக் காதை நம்பிச் சேர்த்தது ஒரு வேலை. அந்தச் சேர்க்கையைப் பார்த்து எழுதுவது வேறு வேலை. இன்று இரண்டுக்கும் நடுவே மூன்றாவது ஒரு தொழில் வளர்ந்திருக்கிறது. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் சிறு பட்டறைக்காரர்கள், அரை நூற்றாண்டுக்கு முந்தைய பிக்கப், குமிழ், கண்டென்சர், பலகை என்று தேடிப் பிடித்து, புதுக் கிட்டார்களைக் கட்டி, ஆயிரக்கணக்கான டாலருக்கு விற்கிறார்கள். அந்தப் பணம் எதற்குக் கொடுக்கப்படுகிறது, அதில் எவ்வளவு நியாயம் என்பதே இன்றைய பேச்சு.

முதலில், இது எப்படிச் சாத்தியமாகிறது? வீணையைப் பிரித்து இன்னொரு வீணையோடு சேர்க்க முடியாது. எலெக்ட்ரிக் கிட்டாரில் முடியும். அதற்குக் காரணம் லியோ ஃபெண்டர் என்ற ரேடியோ மெக்கானிக். கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்ட்டன் ஊரில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தவர். கிட்டார் வாசிக்கத் தெரியாது. அவர் புத்தி முழுக்க ரிப்பேர்க்காரரின் புத்தி. கழுத்து கெட்டால் நான்கு ஸ்க்ரூவைக் கழற்றி வேறு கழுத்து மாட்டிக்கொள், பிக்கப் கெட்டால் முகப்புத் தகட்டைத் தூக்கிக் கம்பியை மாற்றிப் பற்றவை என்று நினைத்துத்தான் 1954இன் ஸ்ட்ராட்டோகாஸ்டரை அமைத்தார். அதன் எந்தப் பாகமும் எந்த உடலிலும் ஏறும். நம் புதுப்பேட்டைக் கடைகளில் ஒரு அம்பாசிடரின் கதவு இன்னொரு அம்பாசிடருக்குப் பொருந்துவதைப் போல. ஃபெண்டர் அதைச் செலவைக் குறைக்கச் செய்தார். அதே வசதி பின்னாளில் விலையை ஏற்றப் பயன்படும் என்று அவர் கனவிலும் எண்ணியிருக்க மாட்டார்.

உடல் கெட்டிப் பலகை. உள்ளே குடைவு கிடையாது, நாதப்பெட்டி கிடையாது. மாண்டலின் ஸ்ரீநிவாஸ் கையில் இருந்த வாத்தியத்தை நினைத்துக்கொண்டால் போதும். அதுவும் இந்தக் குடும்பம்தான். தந்தியின் அசைவை மின்சாரமாக்குவது பிக்கப். காந்தத்தைச் சுற்றி முடியைவிட மெல்லிய செப்புக் கம்பி, ஆயிரக்கணக்கான சுற்று. மேலே இரும்புத் தந்தி அசைந்தால் கீழே கம்பியில் மின்னோட்டம் பிறக்கும். பள்ளியில் படித்த ஃபாரடே விதிதான், வேறு மந்திரம் இல்லை.

ஆனால் இந்தச் சின்னப் பொருளுக்குத்தான் உலகமே அடித்துக்கொள்கிறது. மிச்சிகன் மாநிலத்துக் கலமசூ ஊரில் கிப்சன் கிட்டார் தொழிற்சாலை இருந்தது. அங்கே சேத் லவர் என்ற பொறியாளர் 1955இல் ஒரு பிக்கப்புக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். ஒரு சுருளுக்குப் பதில் இரண்டு, ஒன்றுக்கொன்று எதிராக வைத்தது. வயரிலிருந்து வரும் ‘ம்ம்ம்’ என்ற இரைச்சல் இரண்டிலும் ஏறி, ஒன்றை மற்றொன்று அடித்துவிடும். தந்தியின் ஒலி மட்டும் நிற்கும். காப்புரிமை கிடைக்கும்வரை, ‘விண்ணப்பித்துள்ளோம்’ என்று அடியில் ஒரு கறுப்புச் சீட்டு ஒட்டினார்கள். அந்தச் சீட்டின் ஆங்கில வாசகத்தின் முதலெழுத்துகளை வைத்தே அதற்கு ‘பி.ஏ.எஃப்.’ என்று பெயர் வந்தது. 1959 ஜூலையில் உரிமை கிடைத்த பிறகும் 1962 வரை அதே சீட்டுத்தான். அதன்பின் மாற்றிய சீட்டில் அச்சிட்ட எண் இந்தப் பிக்கப்பின் எண்கூட இல்லை. கிட்டார் கலைஞர் லெஸ் பால் வாங்கி வைத்திருந்த வேறொரு உரிமையின், தந்தி மாட்டும் சட்டத்தின், எண்! போட்டியாளர்களைக் குழப்பவா, கவனக்குறைவா என்று இன்றும் சண்டை போடுகிறார்கள்.

அந்தக் காலத்துச் சுற்றும் எந்திரங்கள் சுற்றைத் துல்லியமாக எண்ணி நிற்கவில்லை. சுருளுக்கு ஐயாயிரம் சுற்று என்பது ஏட்டில். நிஜத்தில் ஒன்றில் கூடும், ஒன்றில் குறையும். காந்தமும் கையில் கிடைத்த ரகம். ஆகவே ஒரு பி.ஏ.எஃப். போல் இன்னொன்று ஒலிக்காது. சில அமுதம், சில வெறும் சாதாரணம். வாங்குகிறவர் காதில் கேட்டுப் பார்க்கும் முன்பே அடியில் சீட்டு இருக்கிறதா என்றுதான் புரட்டிப் பார்க்கிறார். சீட்டுக்கே தனிச் சந்தை வந்தது; கள்ளச் சீட்டும் வந்தது.

காதை நம்பியவர் எப்படி நடந்துகொள்வார் என்பதற்குக் கிட்டார் கலைஞர் டுவேன் ஆல்மன் நல்ல எடுத்துக்காட்டு. 1970 செப்டம்பரில், தம் 1957ஆம் ஆண்டுத் தங்கநிற ‘லெஸ் பால்’ ரகக் கிப்சன் கிட்டாரைக் கொடுத்து, கூடவே ஒரு ஆம்ப்ளிஃபையரும் 200 டாலரும் கொடுத்து, வேறொரு 1959ஆம் ஆண்டு லெஸ் பாலை வாங்கினார். கொடுக்கும்முன் ஒரு காரியம் செய்தார். பழையதிலிருந்த பிக்கப்புகளைக் கழற்றிப் புதியதில் மாட்டிக்கொண்டு, அதிலிருந்ததை இதில் மாட்டிக் கொடுத்தார். மரத்தையும் நிறத்தையும் விட்டுக்கொடுத்தவர், ஒலியை விட்டுக்கொடுக்கவில்லை. ‘லைலா’ இசைத்தட்டில் வாசித்த அந்தத் தங்கநிறக் கிட்டார் 2019இல் 12.5 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. ஆல்மன் எதை உயிர் என்று நினைத்தாரோ அது அதற்குள் இல்லை. வாங்கியவருக்கு அது ஒரு பொருட்டாகவும் இல்லை.

இன்னொருவர் எடி வான் ஹேலன். அவருக்குக் கிப்சனின் தடித்த ஒலி வேண்டும். ஃபெண்டரின் ஆட்டும் கைப்பிடியும் வேண்டும். இரண்டும் ஒரே கிட்டாரில் அன்று கடையில் இல்லை. தொழிற்சாலை கழித்துப்போட்ட உடல் ஒன்றை 50 டாலருக்கும், கழுத்து ஒன்றை 80 டாலருக்கும் வாங்கினார். கிப்சனிலிருந்து ஒரு பி.ஏ.எஃப்.ஐக் கழற்றினார். கீச்சிடாமலிருக்க அதை உருகிய பாரஃபின் மெழுகில் முக்கினார். உளியால் உடலைக் குடைந்து பொருத்தினார். ஒரே ஒரு குமிழ். ஒலியைக் கூட்டிக் குறைக்கும் அந்தக் குமிழின் மேல் ‘டோன்’ என்று எழுதியிருக்கும். கையில் இருந்ததை மாட்டினார், அவ்வளவுதான். சைக்கிளுக்கு அடிக்கும் பெயின்டை மேலே அடித்தார். பிறகு பாலம் மாற்றியபோது அது உடலில் சரியாகப் படியவில்லை. 1971ஆம் ஆண்டு 25 சென்ட் நாணயம் ஒன்றை அண்டைக் கொடுத்தார். அந்தக் கிட்டாருக்குப் பெயர் ‘ஃபிராங்கன்ஸ்டைன்’. 1978இல் வெளிவந்த அவர் குழுவின் முதல் இசைத்தட்டு, ராக் கிட்டார் வாசிப்பையே திசைதிருப்பியது.

2007இல் ஃபெண்டர் இதையும் நகலெடுத்தது. 300 கிட்டார்கள், ஒவ்வொன்றும் 25,000 டாலர். அண்டைக் கொடுத்த நாணயமும் உண்டு, அதே 1971ஆம் ஆண்டு நாணயம். எடிக்கு அந்த நாணயம் தேவைப்பட்டது, பாலம் ஆடியதால். நகலில் அது எதற்கு? யாரும் கேட்கவில்லை.

இதுவரை சொன்னவர்கள் எல்லாரும் இல்லாததை உண்டாக்கப் பிரித்தவர்கள். ரை கூடரும் அப்படித்தான். விரலில் கண்ணாடிக் குழாய் மாட்டி வழுக்கி வாசிப்பதில் மன்னர் அவர். நம் விஸ்வ மோகன் பட்டுடன் சேர்ந்து 1993இல் அவர் வெளியிட்ட இசைத்தட்டு கிராமி விருது பெற்றது. தம் ஸ்ட்ராட்டோகாஸ்டரின் பால முனையில், மடியில் கிடத்தி வாசிக்கும் ஹவாயன் கிட்டார் ஒன்றின் பிக்கப்பைப் பொருத்தினார். கழுத்து முனையில் டெய்ஸ்கோ என்ற ஜப்பானிய மலிவுக் கிட்டாரின் பிக்கப். முதலாவது, சிகாகோவின் வால்கோ கம்பெனி மாணவர்களுக்காகச் செய்து தள்ளியது. இரண்டாவது, தங்கநிறக் காகிதம் சன்னல் வழியே தெரியும்படி செய்த சீப்பான சரக்கு. இரண்டையும் அன்று யாரும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. கூடர் வாசித்தார், அந்த அடர்ந்த, அழும் ஒலியைக் கேட்டவர்கள் ‘இது எதிலிருந்து வருகிறது?’ என்று விசாரித்தார்கள்.

விசாரித்ததோடு நின்றார்களா? ‘கூடர்காஸ்டர்’ என்று ஒரு ரகமே கிளம்பிவிட்டது. அதே போல் கட்டித்தரப் பட்டறைகள் வந்தன. இங்கேதான் எனக்கு நெருடுகிறது. வால்கோ பிக்கப் தனியாகக் கிடைக்காது. அது ஒரு ஹவாயன் கிட்டாருக்குள் இருக்கிறது. எழுபது ஆண்டு முன்பு யாரோ ஒரு பிள்ளை கற்றுக்கொண்ட, இன்றும் தந்தி மாட்டினால் பாடக்கூடிய வாத்தியம். அதன் பிக்கப்பைப் பிடுங்கினால் மிச்சம் ஒரு பலகை. விறகுக்குக்கூட ஆகாது, பெயின்ட் அடித்தது.

யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பார்கள். இந்தச் சந்தையில் இறந்த யானைக்கு விலை கூடுதல். 1950களின் குடைவுக் கிட்டார் ஒன்று, ஜாஸ் வாசிப்பவர்கள் விரும்பியது, அதில் இரண்டு பி.ஏ.எஃப். இருக்கிறது என்று வையுங்கள். முழுதாக விற்றால் ஒரு விலை. பிக்கப், அவற்றின் நெளிந்த பிளாஸ்டிக் வளையம், மஞ்சளேறிய குமிழ்கள், தந்தி முறுக்கும் கீகள், கடைசியில் அது கிடந்த பெட்டி என்று தனித்தனியாகப் போட்டால் மொத்தம் அதைத் தாண்டிவிடும் சந்தர்ப்பங்கள் உண்டு. ஏன் தாண்டுகிறது? 1958 முதல் 1960 வரை கிப்சன் செய்த சன்பர்ஸ்ட் லெஸ் பால் சுமார் ஆயிரத்து ஐந்நூறுதான். அதை வாங்க வீட்டை விற்க வேண்டும். வாங்க முடியாதவர், ஒரு நல்ல நகலைக் கட்டி, அதற்குள் நிஜப் பாகங்களைப் போட்டுக்கொள்ள ஆசைப்படுகிறார். அந்த ஆசைக்குத்தான் வேறொரு கிட்டார் பலியாகிறது.

பழைய பாகம் எல்லாம் உசத்தி என்ற நம்பிக்கையையும் சற்று உரசிப் பார்க்க வேண்டும். காந்தம் பெரிதாக வீரியம் இழப்பதில்லை, நல்லதுதான். ஆனால் 1950களின் கிப்சனில் வந்த ஸ்ப்ரேக் கண்டென்சர், எண்ணெயில் ஊறிய காகிதம் சுற்றியது. உறை விரிசல் விட்டு அளவு மாறிப்போனவை ஏராளம். அதன் வண்ணக் கோடுகளுக்காகவே நூற்றுக்கணக்கான டாலர் கொடுக்கிறார்கள். கீகளின் பிளாஸ்டிக் காதுகள் சுருங்கி, தொட்டால் பொடியாக உதிரும். வேலை செய்யாத பொருளை, வேலை செய்யும் பொருளின் இடத்தில், அது பழையது என்பதற்காகவே வைப்பது தொழில் ஆகாது, வேண்டுதல் ஆகும்.

வயலின் உலகில் ஒரு சோதனை நடந்தது. 2010இல் இண்டியானாபோலிஸ் நகரில், கிளோடியா ஃப்ரிட்ஸ் என்ற பிரெஞ்சு ஆய்வாளரும் அவர் குழுவும், 21 கலைஞர்களின் கண்ணை மறைத்து, மூன்று புது வயலின்களையும் மூன்று பழைய இத்தாலிய வயலின்களையும் வாசிக்க வைத்தார்கள். பழையவற்றில் இரண்டு ஸ்ட்ராடிவாரியஸ். அதிகம் பேர் விரும்பியது ஒரு புது வயலினை. மிகக் குறைவாக விரும்பியது ஒரு ஸ்ட்ராடிவாரியஸை. கிட்டாருக்கு அதை அப்படியே பொருத்திவிட முடியாதுதான். ஆனால் மரமே ஒலிப்பெட்டியாக இருக்கும் வயலினிலேயே கண்ணும் விலையும் காதை ஏமாற்றுகின்றன என்றால், கெட்டிப் பலகைக் கிட்டாரில் எவ்வளவு ஏமாற்றும்?

மரத்தைப் பற்றி ஒரு நல்ல செய்தியும் சொல்ல வேண்டும். நியூயார்க் கார்மைன் தெருவில் ரிக் கெல்லி என்பவர், அந்த நகரின் பழைய கட்டடங்களை இடிக்கும்போதும் புதுப்பிக்கும்போதும் வெளியே எறியும் உத்தரங்களை எடுத்துவந்து கிட்டார் செய்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் வெட்டிய வெள்ளைப் பைன். மெக்சார்லீஸ் மதுக்கடையின் மரம், செல்சி ஹோட்டலின் மரம். அவரைப் பற்றி ரான் மான் 2018இல் ஆவணப்படம் எடுத்தார். மெதுவாக வளர்ந்த மரம், ரேகைகள் நெருக்கம், நூறாண்டுக்கு மேல் காய்ந்து பிசின் இறுகியது. எடை குறைவு, இனி வளையாது. ஃபெண்டரின் முதல் மாதிரிக் கிட்டாரே பைன் மரம்தான். கெல்லி ஆணித் துளையைக்கூட அடைக்காமல் விட்டிருப்பார். அந்தத் துளை பொய் இல்லை. அங்கே ஆணி இருந்தது. அவர் வேலைக்காக எந்த வாத்தியமும் சாகவில்லை.

பழைய மரத்துக்கு இந்த மவுசு வந்ததில் நம் காடுகளுக்கும் ஒரு பங்கு உண்டு. 1950களின் அமெரிக்கக் கிட்டார்கள் பலவற்றில் விரல் பலகை பிரேசில் ஈட்டி மரம். அது அருகிப்போனதும், 1960களின் பிற்பகுதியிலிருந்து தென்னிந்திய ஈட்டி அந்த இடத்தைப் பிடித்தது. 1992இல் பிரேசில் ஈட்டி வணிகம் உலக அளவில் தடைப்பட்டது. 2011இல் கிப்சன் தொழிற்சாலைகளில் அமெரிக்க அரசு சோதனையிட்டபோது கைப்பற்றியது இந்தியாவிலிருந்து போன ஈட்டியும் கருங்காலியும்தான். ஆகவே பழைய கழுத்து ஒன்று கிடைத்தால் பட்டறைக்காரர் அதை விடமாட்டார். எல்லை தாண்டி அனுப்பும்போது காகிதம் கேட்பார்கள் என்பதை வாங்குகிறவர் மறக்கக் கூடாது.

ஏமாற்று பற்றியும் ஒரு வார்த்தை. வால்யூம் குமிழின் முதுகில் ஓர் எண் குத்தியிருப்பார்கள். ‘304632’ என்று இருந்தால், 304 என்பது ஸ்டாக்போல் கம்பெனி, 6 என்பது 1956, 32 என்பது அந்த ஆண்டின் முப்பத்திரண்டாவது வாரம். குமிழ் பிறந்த வாரம் அது. கிட்டார் பிறந்த வாரம் ஆகாது. இதைத் தெரிந்தவர் நான்கு கிட்டார்களின் உதிரிகளை ஆண்டு பொருந்தும்படி சேர்த்து, ‘பிறந்தபடியே இருக்கிறது’ என்று விற்றுவிடலாம். அதனால்தான் விவரம் தெரிந்த வியாபாரி முதலில் எண்ணைப் பார்ப்பதில்லை. ஈயப் பற்றவைப்பைப் பார்க்கிறார். ஒருமுறை உருக்கித் தொட்ட பற்று, தொடாததைப் போல் இருக்காது.

என் முடிவைச் சொல்லிவிடுகிறேன். உதிரியில் கட்டும் கிட்டாருக்கு நான் எதிரி இல்லை. கழுத்து முறிந்தது, வெள்ளத்தில் ஊறியது, பாதி எரிந்தது என்று அநாதையான பாகங்கள் உலகில் நிறைய. அவற்றுக்கு இன்னொரு உடல் கொடுப்பவர் பெரிய காரியம் செய்கிறார். ஐந்தாயிரம் டாலர் கேட்டால் கொடுக்கலாம், கைக்கூலிக்கும் காதுக்கும் சேர்த்து. எந்தப் பாகம் எந்த ஆண்டு, எது புதிதாகச் சுற்றியது, எது பழுது பார்த்தது என்று எழுதிக் கையெழுத்திட்டுத் தரட்டும். தர மறுப்பவரிடம் வாங்காதீர்கள். முழு வாத்தியத்தைப் பிரித்துக் கட்டுபவர் இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம். அந்த ஹவாயன் பிக்கப்பின் ஒலிதான் வேண்டும் என்றால், ஜேசன் லாலர் போன்றவர்கள் அதே முறையில் புதிதாகச் சுற்றித் தருகிறார்கள்.

கடைசியாக, இங்கே உள்ள கிட்டார் கலைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் கிட்டாரில் எந்தப் பாகத்தை மாற்றினாலும், கழற்றியதைத் தூக்கிப் போடாதீர்கள், விற்கவும் விற்காதீர்கள். ஓர் உறையில் போட்டு, எந்தக் கிட்டாரிலிருந்து எந்தத் தேதியில் எதற்காகக் கழற்றியது என்று எழுதி, அந்தக் கிட்டாரின் பெட்டிக்குள்ளேயே வையுங்கள். நாளை அது யார் கைக்குப் போனாலும் உறையும் கூடவே போகட்டும்.